பின்சீட்டில் மாமியார், டிக்கியில் வாழைக்குலை: கூபே கார் நம்ம ஊருக்குச் சரிவருமா?

கேள்வி: ஐயா, எனக்கு வீடு கருங்கல் பக்கம். தக்கலையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பின்பக்கம் கூரை சரிந்து இறங்குகிற கூபே மாடல் கார் மேல் எங்கள் இருவருக்கும் ஆசை. சிட்ரோயன் பசால்ட், டாடா கர்வ் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறோம். எல்லாம் சேர்த்து 13 லட்சத்துக்கு மேல் போக முடியாது. வீட்டில் முட்டு வலி உள்ள மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தினமும் ஓட்ட இது சரிவருமா, வெறும் அழகுதானா? (ஆசிரியை, கருங்கல்)

பதில்: டீச்சர், ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் மாமியாரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். கார் வாங்கப் போகிறவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் முடிவெடுப்பார். கூபே காரை அப்படிப் பார்த்தால் குறை எதுவும் கண்ணில் படாது. கூரை சரியத் தொடங்குவதே பின்சீட்டுக்கு மேலேதான். அந்தக் காரின் குணம் அங்கே உட்காருகிறவருக்குத்தான் தெரியும்.

சில மாதங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு இப்படி ஒரு காரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர்கள் வீட்டுப் பாட்டிக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. வயதானவர்கள் காரில் ஏறுவதைக் கவனித்துப் பாருங்கள். நாம் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு உடம்பை நுழைப்போம். அவர்கள் காருக்கு முதுகைக் காட்டி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, முதலில் உட்காருவார்கள். பிறகுதான் கையால் முட்டைத் தாங்கி ஒவ்வொரு காலாக உள்ளே எடுப்பார்கள். அந்தப் பாட்டி அப்படி உட்காரப் போனபோது கொண்டை கதவின் மேல் சட்டத்தில் இடித்தது. இரண்டாம் தடவை தலையைத் தாழ்த்தினார். தலை தாழ்ந்ததும் உடம்பு முன்னால் சாய, பாரமெல்லாம் முட்டுக்கு வந்துவிட்டது. “உள்ளே போயிட்டா தாராளமா இருக்கும் பாட்டி” என்றார் விற்பனைப் பையன். அவர் சொன்னது பொய்யில்லை, உள்ளே நல்ல இடம் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி, சந்தை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று வாரத்தில் எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும்! அவர்கள் அந்தக் காரை வாங்கவில்லை.

அதனால் மாமியாரை மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது. முதல் தடவை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று வலியைக் காட்டிக்கொள்ள மாட்டார். மூன்றாம் தடவை முகம் சொல்லிவிடும். இந்தக் கார்களில் சீட்டு சற்று உயரத்தில் இருப்பது முட்டு வலிக்காரர்களுக்கு நல்லதுதான். தாழ்ந்த செடான் காரில் பள்ளத்தில் இறங்குவதுபோல் உட்கார வேண்டாம். பசால்ட்டின் விலை கூடிய வகைகளில் (வேரியண்டுகளில்) பின்சீட்டில் தொடையைத் தாங்கும் பகுதியைத் தூக்கி இறக்கி வைக்கலாம். நீளமாகப் பயணம் போகும்போது அது பெரிய உதவி. கர்வ் காரில் கதவுக் கைப்பிடி கதவோடு ஒட்டிப் படிந்திருக்கும். ஒரு முனையை அழுத்தி மறுமுனையைப் பிடித்து இழுக்க வேண்டும். விரல் மடங்காத பெரியவர்களுக்கு அது சிரமம். மாமியாரையே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி டிக்கி. பசால்ட்டுக்கு 470 லிட்டர், கர்வுக்கு 500 லிட்டர். எண் பெரிதுதான். ஆனால் நம்ம வீடுகளில் டிக்கியில் ஏறுவது சூட்கேஸ் மட்டுமில்லையே. தோட்டத்திலிருந்து ஒரு மட்டி வாழைக்குலை வரும், சக்கைக் காலத்தில் இரண்டு சக்கை (பலாப்பழம்) வரும், தேங்காய்ச் சாக்கு வரும். குலையை நிமிர்த்தி வைக்க இடமில்லை, ஏனென்றால் மேலே கண்ணாடி சரிந்து வருகிறது. படுக்க வைத்தால் தாராளம். இன்னொரு பக்கம், கண்ணாடியோடு சேர்ந்து முழுக் கதவும் மேலே தூக்குவதால் வாய் அகலமாகத் திறக்கும். பின்சீட்டை மடக்கினால் சாதா செடானில் நுழையாத நீளச் சாமானும் உள்ளே போகும். அந்தப் பெரிய கதவு மேலே போகும்போது உங்கள் போர்ட்டிகோ கூரையில் இடிக்குமா என்று மட்டும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஷோரூமில் அண்ணாந்து பார்த்தால் உங்கள் வீட்டு ஓடு தெரியாது.

பின்கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. படுத்தாற்போல் சரிந்த கண்ணாடியில் நீர் தேங்கி வழியும்போது உள்கண்ணாடியில் பின்னால் வருகிற பைக்கின் விளக்கு மட்டும்தான் தெரியும், பைக் தெரியாது. நீங்கள் எடுக்கப்போகும் வேரியண்டில் பின்னால் வைப்பரும் டீஃபாகரும் (கண்ணாடியில் படியும் ஈரப்பனியைச் சூடாக்கி நீக்குவது) உண்டா என்று கேட்டு, நேரிலும் பாருங்கள். கேமரா இருக்கிறதே என்பார்கள். மழைத்துளி ஒட்டிய கேமராவில் எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், நடுவில் ஒரு கார் மட்டும் போகிற இடவழியில் உங்கள் வீடு இருந்தால், டெஸ்ட் டிரைவை அந்த இடவழிக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ரிவர்ஸில் வெளியே எடுத்துப் பாருங்கள். நாகர்கோவில் பைபாஸில் நேராக ஓட்டிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது.

எஞ்சினில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கருங்கலிலிருந்து தக்கலைக்கு நீங்கள் எந்நேரமும் மூன்றாவது கியரில்தான் போவீர்கள். வளைவு, பள்ளிக்கூட வேன், எதிரே பஸ். பசால்ட்டின் டர்போ (காற்றை அழுத்தி அனுப்பி வலுவைக் கூட்டும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் 82 குதிரைத்திறன். தினசரி வேலைக்கு அது போதும். ஐந்து பேரும் ஏசியுமாகப் பேச்சிப்பாறை ஏற்றம் அடிக்கடி ஏறுவீர்களென்றால் 110 குதிரைத்திறன் டர்போ வேண்டும். முப்பந்தல் காற்றைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று எந்த உயரமான காரையும் ஓரத்துக்குத் தள்ளும், சரிந்த கூரை அதற்கு மருந்தில்லை. அங்கே இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் 2024-இல் நடந்த பாரத் என்காப் மோதல் சோதனையில் கர்வ் 5 நட்சத்திரமும் பசால்ட் 4 நட்சத்திரமும் வாங்கின. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது காசு. 4 மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த அளவைத் தாண்டினால் 40. இந்த இரண்டு காரும் 4.3 மீட்டருக்குக் குறையாது. சரிவு அழகாக விழ நீளம் வேண்டும், அந்த நீளத்துக்கு நீங்கள் வரி கட்டுகிறீர்கள். அதோடு நம்ம மாநில வாழ்நாள் வரி, 2023 நவம்பரில் உயர்ந்த வீதப்படி, 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் வித்தியாசம் இருபதாயிரம், வரியில் மட்டும் ஐம்பத்து மூவாயிரம். சன்ரூஃபும் பெரிய அலாய் வீலும் சேர்த்து அந்தக் கோட்டைத் தாண்டிவிடாதீர்கள்.

சர்வீஸ் சென்டர் நாகர்கோவிலில் இருக்கிறதா, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஓட வேண்டுமா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். கணவர் ஊரில் இல்லாத வீட்டில் ஒரு நாள் லீவு போட்டுக் காரை விட்டுவிட்டு வருவதும் ஒரு செலவுதான்.

என் தீர்ப்பு இது: மாமியார் மூன்று தடவையும் தலை இடிக்காமல் ஏறினால், விலை 10 லட்சத்துக்குள் நிற்கும் வேரியண்டை எடுங்கள், ஆசை நியாயமானது. முகம் சுளித்தால் 4 மீட்டருக்கு உட்பட்ட, நிமிர்ந்த கூரை உள்ள காருக்குப் போங்கள். மிச்சமாகும் பணத்தில் ஆறு ஏர்பேக் உள்ள வேரியண்டே கிடைக்கும்.

கேள்வி: துபாயில் எட்டு வருடம் இரண்டு கதவு கூபே ஓட்டினேன். ஊருக்கு வந்து நிற்கப் போகிறேன். அதையே கொண்டுவரலாமா? இல்லாவிட்டால் இங்கே அப்படி ஒன்று மலிவாகக் கிடைக்குமா? (வாசகர், குளச்சல்)

பதில்: கொண்டுவர முடியாது தம்பி. பழைய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். துபாய்க் காருக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். அதைத் தாண்டினாலும் சுங்க வரி காரின் விலையையே மிஞ்சிவிடும். அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

இங்கே மலிவான இரண்டு கதவு கார் என்று ஒன்று நிலைத்ததே இல்லை. 1990-களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்று இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார் வந்தது, அதுவும் பரவவில்லை. இப்போது கைமாறிக் கிடைப்பவை ஜெர்மன் கம்பெனிகளின் பழைய கூபேக்கள். வாங்குகிற விலை பார்க்க மலிவாகத்தான் இருக்கும். ஒரு ஹெட்லைட் உடைந்தால் அப்போது தெரியும் செலவு. குளச்சலில் கடலை ஒட்டி வீடு என்றால் உப்புக்காற்று வேறு. தினசரிக் காராக அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: கேரளா பதிவெண் உள்ள பழைய கார் ஒன்று விலை குறைவாக வருகிறது. மார்த்தாண்டத்தில் ஓட்டத்தானே, எடுக்கலாமா? (வாசகர், குழித்துறை)

பதில்: எடுக்கலாம். ஆனால் முழுச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்ம மாநிலப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு அங்கத்திய ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கு பேங்க் கடிதம் வேண்டும், காரின் வயதுக்கேற்ப இங்கே வரியும் கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் அந்த மலிவு பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் கார்கள் ஏராளமாக முங்கின. நானே ஒரு தடவை ஏமாந்தவன். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்த ஹேட்ச்பேக் அது. விற்றவர் ரொம்ப நல்லவராகப் பேசினார். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் நாள், பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். சுருளுக்குள் இருந்த கடைசி ஒரு முழ நீளத்துக்கு நாடா காவி நிறத்தில் இருந்தது, தொட்டால் விரலில் மண். ஆறு மாதத்தில் வயரிங் எல்லாம் பச்சை பூத்தது. அன்றிலிருந்து எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் நான்கு பெல்ட்டையும் முழுக்க இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அந்தப் பள்ளத்தையும், சீட்டு நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே துடைக்கலாம், அங்கே கை போகாது.

கேள்வி: ஜனவரியில் புதுக் கார் டெலிவரி எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கார் போன வருடம் மே மாதம் செய்தது என்று தெரிந்தது. டீலர் கண்டுகொள்ளவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், திங்கள்சந்தை)

பதில்: செய்த மாதமும் வருடமும் படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழிலேயே இருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், முதல் இரண்டு அந்த டயரைச் செய்த வாரம், அடுத்த இரண்டு வருடம். கார் வாங்குகிறவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். பதிவு முடிந்தால் பேரம் பேச இடமில்லை.

உங்கள் விஷயத்தில், பழைய ஸ்டாக் என்று முன்கூட்டியே சொன்னார்களா, அதற்காக விலை குறைத்தார்களா என்பதுதான் கேள்வி. இரண்டும் இல்லையென்றால் டீலருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள், போனில் பேசுவது எதற்கும் சாட்சியாகாது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே வழக்குப் போடலாம். டீலர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புக்கிங் ரசீது, கொட்டேஷன், வாட்ஸ்அப்பில் விற்பனைப் பிரதிநிதி அனுப்பியவை எல்லாவற்றையும் இன்றே பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.