வாசகர் கேள்வி, வீடியோக்காரர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யூடியூப் பற்றியவை. கலியாண வீடியோ பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. அவர் சமைக்க, நான் போனைப் பிடிக்க, எட்டு மாதமாக ஒரு சனல் நடத்துகிறோம். 340 பேர் இருக்கிறார்கள். போன கிழமை ஒடியல் கூழ் வீடியோவுக்குக் கீழே ஒருவர் அம்மாவின் குரலைக் கேலி செய்து எழுதிவிட்டார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. என் அண்ணா கொமென்ட் பகுதியை மூடிவிடச் சொல்கிறார். மூடலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

மூடாதீர்கள் பிள்ளை. அந்த ஆளை மட்டும் மறைத்துவிடுங்கள். சனல் நடத்துகிறவர்களுக்கென்று இருக்கிற யூடியூப் ஸ்டூடியோவில் அதற்கு வசதி இருக்கிறது. அதன் பிறகு அவர் என்ன எழுதினாலும் மற்றவர்கள் கண்ணில் படாது. மறைத்த செய்தியும் அவருக்குப் போகாது. அதே இடத்தில் தடைச்சொல் பட்டியலும் உண்டு. கெட்ட வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலும் போடுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்களே, அப்படியும் போடுங்கள். அந்தச் சொற்கள் வருகிற கொமென்ட் உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே வராது. அரை மணி நேர வேலை. அதைச் செய்யும்போது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் மூடக் கூடாது என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை உலகக் கிண்ணம் வென்றது. அடுத்த நாள் காலையில் கொட்டாஞ்சேனைத் தெருவில் நடந்த கொண்டாட்டத்தை, கலியாணத்துக்கு வைத்திருந்த கமெராவில் எடுத்தேன். கசெட் பல வருடம் அலுமாரியில் கிடந்தது. பூஞ்சணம் பிடிக்க முதல் கணினியில் ஏற்றி, 11 நிமிடத்தை யூடியூபில் போட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு பெண் கனடாவிலிருந்து எழுதியிருந்தார்: “7:40 இல் பட்டாசுத் திரிக்கு நெருப்பு வைக்கிற, நீலச் சாரம் கட்டியவர் என் அப்பா. அவருடைய படம் வீட்டில் நாலைந்து இருக்கிறது. அவர் நடக்கிறதை இருபது வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்த்தேன்.”

கொமென்டில் 7:40 என்று எழுதினால் அது தானாகவே தொடுப்பாக மாறிவிடும், தொட்டால் வீடியோ அந்த நொடிக்குப் போகும். நான் தொட்டுப் பார்த்தேன். எத்தனையோ தடவை வெட்டி ஒட்டிய காட்சிதான். அந்த மனிதரை நான் கவனித்ததே இல்லை. திரி பற்றியதும் சாரத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி, கமெராவைத் தாண்டி ஓடுகிறார்.

அதற்குக் கீழே இன்னொருவர் வந்தார், அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரராம். நான் தெருவின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தேன், அது ஜம்பட்டா வீதி என்று திருத்தினார். 22 வருடம் கசெட் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறேன். எந்த வீட்டில் யார் பார்த்தார்கள், எந்த இடத்தில் அழுதார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தெரிய வந்ததில்லை. கொமென்டை மூடியிருந்தால் இதுவும் தெரிய வந்திராது.

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். அடுத்த வீடியோவில், அடுப்பை மூட்ட முதல், யாராவது கேட்ட ஒரு கேள்வியை அவரே வாசித்துப் பதில் சொல்லட்டும். பலாக்கொட்டை கிடைக்காத ஊரில் கூழுக்கு என்ன போடுவது என்று நிச்சயம் ஒருவர் கேட்டிருப்பார். 340 பேரில் அந்த ஒருவர் திரும்பத் திரும்ப வருவார்.

கேள்வி: யூடியூபில் முதலில் ஏறிய வீடியோ எது?
(மாணவர், தெமட்டகொடை)

அதைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவெத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசிய வீடியோ. 2005 ஏப்ரல் 23 இல் ஏறியது, நீளம் 19 செக்கன். யானைத் தும்பிக்கை எவ்வளவு நீளம் என்பதுதான் பேச்சு. ஒரு வீடியோவுக்கு இன்னொரு வீடியோவால் பதில் போடுகிற வசதியும் அந்தக் காலத்தில் இருந்தது. 2013 இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் குறைதான்.

கேள்வி: கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி வீடியோ போடுகிறேன். நம்முடைய தமிழில் கதைத்தால் இந்தியாவில் யாருக்கும் விளங்காது, பேச்சை மாற்று என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் எண்ணம்?
(வாசகர், தெஹிவளை)

மாற்றாதீர்கள் தம்பி. இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. பி. எச். அப்துல் ஹமீத் இங்கே வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பிறகு சன் தொலைக்காட்சிக்கே போனது. அவர் பேசியது தன் தமிழைத்தான். நேயர்களும் சேர்ந்து பாடிய நிகழ்ச்சி அது, கேட்பவருக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. இந்தப் பக்கம் பாருங்கள்: தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டியது வில்லேஜ் குக்கிங் சனல், 2021 இல். புதுக்கோட்டைக்காரர்கள். அவர்கள் பேசுவதும் அவர்கள் ஊர்ப் பேச்சுத்தான்.

காலி முகத்திடலில் நின்று இஸ்ஸோ வடை என்றே சொல்லுங்கள், இறால் வடை என்று மாற்ற வேண்டாம். பாண், கச்சான், சம்பல் எல்லாம் அப்படியே வரட்டும். “பாண் என்றால் என்ன அண்ணா?” என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்பார். நீங்கள் பதில் சொல்ல முதல் மட்டக்களப்பிலிருந்து இன்னொருவர் சொல்லிவிடுவார். உங்கள் சனல் அப்படித்தான் வளரும்.

விளங்காது என்ற பயம் இருந்தால் வீடியோவுக்குக் கீழே ஓடுகிற எழுத்து வரி (சப்டைட்டில்) போடுங்கள். முன்பு பார்க்கிறவர்களே எழுத்து வரி எழுதி அனுப்பலாம். என்னுடைய கொட்டாஞ்சேனை வீடியோவுக்கு யாரோ ஒருவர் ஒரு சதமும் கேட்காமல் சிங்களத்தில் எழுதித் தந்தார். 2020 செப்டெம்பரில் அந்த வசதியை யூடியூப் நிறுத்திவிட்டது. காது கேளாதவர்கள் எவ்வளவோ எதிர்த்தார்கள், எனக்கும் மிகுந்த கவலை. இப்போதும் வழி இருக்கிறது: எழுத விருப்பமானவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், ஸ்டூடியோவில் நீங்களே ஏற்றுங்கள். எழுதியவரின் பெயரை வீடியோவுக்குக் கீழே போடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கு ஒருவர் சப்ஸ்கிரைப் பண்ணினால் பணம் சீக்கிரம் வருமா?
(வாசகர், மருதானை)

வராது. அது யூடியூப் விதிக்கும் எதிரானது. ஷோர்ட்ஸ் அல்லாத வீடியோ போடுகிறவர்களுக்கு, விளம்பரப் பணத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபருடன், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்கவும் வேண்டும். கணக்குப் பாருங்கள். 8 நிமிட வீடியோ ஒன்றை 30,000 தடவை முழுதாகப் பார்த்தால்தான் 4,000 மணி. குழுவில் இருப்பவர்கள் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள், உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவி செய்து அதை வீடியோவாகப் போடுகிறோம். பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருந்து இன்னும் பலர் காசு அனுப்புகிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு வீட்டில், வீடியோ வந்த பிறகு மகள் பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள். முகத்தைக் காட்டாவிட்டால் காசு தருகிறவர்கள் நம்புவார்களா?
(வாசகர், மட்டக்குளி)

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்டதற்கு முதல் ஒன்று: அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். முழுதாக எடுக்க மனமில்லை என்றால், ஸ்டூடியோவில் முகத்தை மங்கலாக்கும் கருவி இருக்கிறது, அதையாவது உடனே செய்யுங்கள். அந்தப் பிள்ளையின் வகுப்பில் எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது. அவள் அம்மா அரிசிப் பையை வாங்கிக்கொண்டு அழுததை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

உதவி நல்லது, காசு அனுப்புகிறவர்களின் மனமும் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையில் சாமானை வைத்துக்கொண்டு “வீடியோ எடுக்கலாமா?” என்று கேட்டால் யாரால் வேண்டாம் என்று சொல்ல ஏலும்? சாமானை முதலில் கொடுங்கள். கமெரா பையில் இருக்கட்டும். தேத்தண்ணீர் தருவார்கள், குடித்துவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து வெறுங்கையோடு போய்க் கேளுங்கள். அப்போது வருகிற ‘ஓம்’ என்பதைத்தான் சம்மதமாக எடுக்கலாம்.

நம்பிக்கைக்கு முகம் தேவையில்லை. கடை பில்லைக் காட்டுங்கள். ஒழுகின கூரையைக் காட்டுங்கள், தகரம் ஏறிய பிறகு அதே மூலையில் நின்று திரும்ப எடுங்கள். வேலை செய்த மேசனின் கையைக் காட்டலாம். ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாளில் போய் அந்தக் கூரைக்குக் கீழேயிருந்து இரண்டு நிமிடம் எடுங்கள். காசு தந்தவர்கள் கேட்பது தங்கள் காசு என்ன ஆனது என்பதைத்தானே. அவர்கள் கொமென்டில் கேட்கிற கணக்குக்கு வரி வரியாகப் பதில் எழுதுங்கள்.

ஏற்றுமுன் அந்த வீட்டுக்குப் போய் வீடியோ முழுவதையும் போனில் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகளும் இருக்கும்போது. வேண்டாம் என்கிற இடத்தை வெட்டுங்கள். முழுதும் வேண்டாம் என்றால் ஏற்றாதீர்கள். அதற்காக அடுத்த மாதச் சாமானை நிறுத்திவிடவும் வேண்டாம்.