புதிய கோச் ஸ்ட்ரெச்சிங்கை நிறுத்திவிட்டார். மகனின் தொடை தாங்குமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டெக்ஸாஸில் வசிக்கிறோம். என் மகன் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் வைட் ரிசீவர், அதாவது வேகமாக ஓடிப்போய், வீசும் பந்தைப் பிடிப்பவன். வாக்-ஆன், அதாவது உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவன். பள்ளிக் கடைசி வருடத்தில் இடது தொடையின் பின்தசை கிழிந்து ஆறு வாரம் விளையாடவில்லை. டிசம்பரில் அணிக்குப் புதிய தலைமை கோச் வந்தார். பயிற்சிக்கு முன் எல்லோரும் வரிசையில் நின்று இருபது நிமிடம் செய்துவந்த ஸ்ட்ரெச்சிங்கை எடுத்துவிட்டு, பத்து நிமிட ஓட்டமும் துள்ளலும் வைத்திருக்கிறார். ரசிகர்களில் பாதிப் பேர் ‘பையன்களுக்குக் காயம் குவியப்போகிறது’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘இதுதான் விஞ்ஞானம்’ என்கிறார்கள். நண்பர் சொல்லி ஒரு தனிப் பயிற்சியாளரிடம் பேசினேன். பன்னிரண்டு முறை ஸ்ட்ரெச்சிங் செய்துவிட 1,400 டாலர் கேட்கிறார். கட்டலாமா? பயிற்சிக்கு முன் யோகா செய்தால் போதும் என்கிறார் என் மனைவி.

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். ஸ்ட்ரெச்சிங்கை எடுத்ததால் மட்டும் உங்கள் மகனின் தசை கிழியப்போவதில்லை. ஆனால் கவலைப்பட வேறு ஒரு காரணம் இருக்கிறது. ரசிகர்களின் சண்டையில் அதைப் பற்றிய பேச்சே இல்லை போலிருக்கிறது.

தொடையின் பின்தசை எப்போது கிழிகிறது என்று முதலில் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்தத் தசை நீண்டுகொண்டே காலுக்குப் பிரேக் போடுகிறது. கிணற்றுக்குள் வாளியை இறக்குகிறவர் கயிற்றை விட்டுக்கொண்டே பிடித்திருப்பாரே, அதுபோல. பிடியில் பலம் இல்லையென்றால் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். கயிறு எவ்வளவு நீளம் என்பதா அங்கே பிரச்சினை? பிடிக்கிற கையின் பலம்தான். ஸ்ட்ரெச்சிங் கயிற்றின் நீளத்தைக் கவனிக்கிறது, கையின் பலத்தை அல்ல.

இது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் கால் தசைகளை நீட்டிப்பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து, காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. ஆய்வு வெளிவந்த ஆண்டு 2000. அதில் தெளிவாகத் தெரிந்தது வேறு: வரும்போதே உடல்தகுதி குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் காயப்பட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு தசையை நிமிடத்துக்கு மேல் நீட்டிப்பிடித்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் வெடிப்புச் சக்தி, அதாவது சட்டென்று பாயும் பலம், சற்றுக் குறைகிறது. அரை நிமிடம் பிடித்துவிட்டு அப்புறம் ஓடித் துள்ளினால் அந்தக் குறை கணக்கிலேயே வராது. அதனால் பழைய கோச்சும் தவறு செய்துவிடவில்லை, புதியவரும் ஆபத்தான வேலை எதையும் செய்துவிடவில்லை. மெல்லோட்டம், முழங்காலை உயர்த்தி நடப்பது, காலை வீசுவது, படிப்படியாக வேகம் கூட்டி நான்கைந்து ஸ்பிரிண்ட் (குறுந்தூர வேக ஓட்டம்) என்று போனால் ரிசீவருக்கு அது நல்ல வார்ம்-அப். அந்தக் கடைசி ஸ்பிரிண்டுகள் இருக்கின்றனவா என்று மட்டும் மகனிடம் கேளுங்கள். அவை இல்லையென்றால் குறை சொல்லலாம்.

கோச்சுகள் ஸ்ட்ரெச்சிங்கில் கை வைப்பதற்கு விஞ்ஞானம் மட்டும் காரணமில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான் பயிற்சி. ஸ்ட்ரெச்சிங்கும் இந்தக் கணக்கில் வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2008இல் ரிச் ரோட்ரிகஸ் கோச்சாக வந்த பிறகு நேர வரம்பை மீறியதாக என்சிஏஏ விசாரணை எழுந்தது. ஸ்ட்ரெச்சிங் நிமிடங்களைச் சேர்க்காமல் விட்டதும் அதில் பேச்சுக்கு வந்தது. 2010இல் மூன்றாண்டு கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அதனால் ‘மைதானத்துக்கு வெளியே நீயே விருப்பப்பட்டுச் செய்துகொள்’ என்று பையன்களிடம் தள்ளிவிடுவது கோச்சுகளுக்கு வசதி. இந்த ‘விருப்பப்பட்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. உதவித்தொகை இல்லாத ஒரு வாக்-ஆன், கோச் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதை விருப்பமில்லை என்று மறுக்க முடியும்? நிமிடக் கணக்குப் பார்க்க அதிகாரிகள் உண்டு. அந்த நிமிடங்களுக்குள் பையனின் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க அதே அளவு ஆட்கள் இல்லை.

உண்மையான ஆபத்து புதிய கோச்சின் முதல் சில வாரங்களில்தான் இருக்கிறது. புதிய தலைமை கோச் பெரும்பாலும் தன்னோடு ஒரு ஸ்ட்ரெங்த் கோச்சையும், அதாவது உடல்பலப் பயிற்சி கொடுப்பவரையும், கூட்டிவருவார். ‘இங்கே இனி எல்லாம் வேறு’ என்று காட்ட வேண்டிய கட்டாயம் இருவருக்கும். ஆரெகன் பல்கலைக்கழகத்தில் 2016 டிசம்பரில் வில்லி டாகார்ட் பொறுப்பேற்றார். 2017 ஜனவரியில், குளிர்காலப் பயிற்சியின் ஆரம்ப நாட்களிலேயே மூன்று வீரர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஸ்ட்ரெங்த் கோச்சை ஒரு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார்கள். அயோவாவில் 2011 ஜனவரியில் பதின்மூன்று பேர். அங்கே கோச் பழையவர்தான். ஆனால் விடுமுறையில் ஓய்ந்திருந்த கால்களை வைத்து, எடையோடு 100 ஸ்குவாட் செய்யவைத்தார்கள். அவர்களுக்கு வந்தது ராப்டோமயோலிசிஸ். அளவுக்கு மீறிய வேலையில் தசை உடைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை வீங்கிக் கையையோ காலையோ மடக்க முடியாமல் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை இன்று இரவே மகனிடம் சொல்லிவிடுங்கள்.

பின்தசைக் கிழிசலும் இதே வழியில்தான் வருகிறது. அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல் அணிகளில் 1989 முதல் பத்தாண்டுகளில் பதிவான 1,716 கிழிசல்களில் பாதிக்கு மேல், சீசனுக்கு முந்தைய ஏழு வாரப் பயிற்சியில் நடந்தவை. அதிகம் அடிபட்டவர்களில் வைட் ரிசீவர்களும் உண்டு. உடம்பு தயாராகும் முன் வேகமும் தூரமும் ஒரேயடியாகக் கூடுவதுதான் காரணம். அதனால் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: ‘போன மாதம் வாரத்தில் எத்தனை ஸ்பிரிண்ட் ஓடினாய், இந்த வாரம் எத்தனை?’ இரண்டு மடங்கு என்று பதில் வந்தால், அத்லெட்டிக் டிரெயினரிடம் அவனே போய்ப் பழைய கிழிசலைச் சொல்லட்டும். பெயர் குழப்பும், அத்லெட்டிக் டிரெயினர் என்பவர் உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர், ஸ்ட்ரெங்த் கோச் அல்ல. முதல் கிழிசல் ஏற்பட்ட தசைதான் இரண்டாவது முறையும் கிழிய அதிக வாய்ப்புள்ளது. அது அவனுடைய கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இடத்தை இழந்துவிடுவோம் என்று பயந்து வாக்-ஆன் பையன்கள் இதை மறைத்துவிடுகிறார்கள்.

அடுத்து அந்த 1,400 டாலர். இப்படிப்பட்ட தனிப் பயிற்சியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் நான் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதுவதில்லை. கோச் மாறும் ஒவ்வொரு முறையும் பெற்றோரின் பயத்தை வைத்து ஒரு சந்தை கூடிவிடுகிறது. மேஜையில் படுக்கவைத்துக் காலை இழுத்துவிடுவார்கள், சுகமாக இருக்கும், மறுநாள் தசை பழையபடியே இருக்கும். அப்படிச் சிபாரிசு செய்யும் நண்பருக்குச் சில இடங்களில் கமிஷனும் போகிறது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு, கிழிசல் ஆறாமல் இருந்தபோதே இப்படி ஒருவர் இழுத்துவிட்டு மூன்று வாரக் காயத்தை மூன்று மாதக் காயமாக்கியிருந்தார். எங்கே படித்தீர்கள், என்ன உரிமம் என்று கேளுங்கள். வாரக்கடைசி வகுப்பில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிட மோசம், அந்த ஸ்ட்ரெச்சிங் பேக்கேஜோடு சேர்ந்து வரும் பவுடர் டப்பா. ‘தசை சீக்கிரம் ஆறும்’ என்பார்கள். டப்பாவின் மேல் எழுதாத பொருள் உள்ளே இருந்து, என்சிஏஏ சோதனையில் ஊக்கமருந்து என்று தெரிந்தால் முதல் முறையே ஓராண்டு விளையாட முடியாது. தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். விற்றவருக்கு ஒன்றும் ஆகாது. அணியின் மருத்துவப் பணியாளரிடம் காட்டாமல் எதையும் வாயில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பணம் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முட்டிபோட்டு நிற்க வேண்டும், கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், முதுகையும் இடுப்பையும் நேராக வைத்து முன்னால் மெதுவாகச் சாய வேண்டும், முடிகிறவரை பின்தசையால் தாங்க வேண்டும். இதற்கு நார்டிக் என்று பெயர். கிணற்றுக் கயிற்றைப் பிடிக்கும் கைக்கு இதுதான் பயிற்சி. டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளில், 942 பேரிடம் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. இதைச் செய்த பிரிவில் 15 கிழிசல், செய்யாத பிரிவில் 52. அவர்கள் ஆடியது அமெரிக்க ஃபுட்பால் அல்ல, நம் ஊர்க் கால்பந்து. ஆனால் ஓடும் தசை ஒன்றுதான். முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்து முறை வீதம் இரண்டு சுற்று. அடுத்த ஓரிரு நாள் தசை வலிக்கும், அது இயல்பு. பிறகு மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். ஸ்ட்ரெங்த் கோச்சின் அட்டவணையில் இது ஏற்கெனவே இருக்கலாம், கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

உங்கள் மகனுக்குப் பொருந்தாத ஒரு விதிவிலக்கு உண்டு. அறைத்தோழன் யாராவது அணியில் பந்தை உதைப்பவராக இருந்தால் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். தரையில் வைத்த பந்தை உதைக்கும் கிக்கர், கையிலிருந்து விட்ட பந்தை உதைக்கும் பன்ட்டர் என்ற இரண்டு பேருக்கு நான் மேலே சொன்னது அப்படியே சரிவராது. பன்ட்டர் காலைத் தலை உயரத்துக்கு வீச வேண்டும். இடுப்பும் பின்தசையும் அந்த அளவுக்கு நீளாவிட்டால் உதையே வராது. அவர்களுக்கு நீட்டிப்பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் உண்மையிலேயே தேவை: ஒரு தசைக்கு இருபது, முப்பது விநாடி, அதன்பின் காலை வீசுவது, அதன்பின் பாதி வேகத்தில் உதைப்பது. அதோடு, இவர்கள் நெடுநேரம் ஓரத்தில் சும்மா நிற்கிறார்கள். வார்ம்-அப் செய்து நாற்பது நிமிடம் கழித்துத் திடீரென்று அழைப்பு வந்தால் உடம்பு குளிர்ந்திருக்கும். எனவே ஒருமுறை சூடானால் போதாது. தன் முறை நெருங்கும்போது மறுபடி ஓடி, மறுபடி வீசி, வலையில் இரண்டு உதை உதைத்திருக்க வேண்டும். மொத்த அணிக்கும் ஒரே வார்ம்-அப் வைக்கும் கோச், பழையவரானாலும் புதியவரானாலும், இந்த இருவரை மறந்துவிடுகிறார். அந்தப் பையன் வெட்கப்படாமல் தனியாகப் பத்து நிமிடம் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் மனைவி சொல்லும் யோகா நல்லதுதான், நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் வேண்டாம். இரவு, வெந்நீரில் குளித்துவிட்டு, அறையில் பாயை விரித்துப் பத்து நிமிடம். பின்தசையை நீட்டும் ஆசனங்களில் மெதுவாக மூச்சுவிட்டு ஒரு நிமிடம்வரை இருக்கலாம். பழைய கிழிசல் இருக்கும் இடது காலில் குத்துவது போல வலித்தால் அந்த ஆசனத்தை விட்டுவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. அவனுக்குத் தனியாகச் செய்யச் சோம்பலாக இருந்தால், வாரத்தில் இரண்டு இரவு அம்மா வீடியோ அழைப்பில் கூடவே செய்யட்டும்.