கோவிட் போய்விட்டது, நடை ஏன் இன்னும் தள்ளாடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 47. ஆசிரியையாக இருக்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் கோவிட் வந்து வீட்டிலேயே குணமானது. அதன் பிறகு நடை பழையபடி இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறேன். வகுப்பில் பத்து நிமிடம் நின்றால் தலை கிறுகிறுத்து நெஞ்சு படபடக்கிறது. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் ஒரு பக்கமாகச் சாய்கிறேன். தினமும் கொஞ்சம் கூடுதலாக நடக்கச் சொன்னார்கள். நடந்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கைதான். மூளை எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது, ஆகவே மனப்பிரமை என்கிறார்கள். உண்மையா? கைத்தடி பிடித்தால் அதற்கே பழகிவிடுவேனா?

பதில்: பிரமை இல்லை. உங்கள் கடிதத்திலேயே மூன்று தெளிவான தடயங்கள் இருக்கின்றன. படுத்த நிலையில் எடுக்கும் ஸ்கேன், நிற்கும்போது வரும் கோளாறைக் காட்டாது. அது சரியாக இருப்பது நல்ல செய்தி. உங்களுக்கு ஒன்றுமில்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: நடையைக் கூட்டிக்கொண்டே போவதை இன்றே நிறுத்துங்கள். உழைப்புக்குப் பின் பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்து, உடல் சரிந்துவிடுவது நீண்டகால கோவிடின், அதாவது தொற்று போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லைகளின், முக்கியமான அடையாளம். சோம்பலால் தளர்ந்த உடலுக்குப் பயிற்சி மருந்து. இந்த நிலையில் உள்ள உடலுக்கு அதே பயிற்சி காயம். 2024இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நீண்டகால கோவிட் உள்ளவர்களின் தசையை, கடும் உழைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சரிவர இயங்கவில்லை. உழைப்புக்குப் பின் தசைச் சிதைவும் கூடியிருந்தது. ஆகவே "மனதைத் திடப்படுத்திக்கொண்டு நடங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மறுநாள் உடல் சரியாமல் எவ்வளவு நடக்க முடிகிறதோ, அதற்கும் சற்றுக் குறைவாகவே நடந்து நிறுத்திக்கொள்ளுங்கள். சில வாரங்கள் அந்த அளவில் சரிவே இல்லாமல் போனால், பிறகு கூட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது, நின்றால் வரும் படபடப்பு. எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்காமல் பார்த்துக்கொள்வது தன்னியக்க நரம்பு மண்டலம். கோவிடுக்குப் பின் பலருக்கு இது தடுமாறுகிறது. கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பத்து நிமிடம் படுத்திருங்கள். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு குதிகால்கள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க, தோளை மட்டும் சுவரில் சாய்த்து, பேசாமல், காலை அசைக்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கண் இருண்டால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அது 'பாட்ஸ்' (POTS) எனப்படும் தன்னியக்க நரம்புக் கோளாறாக இருக்கலாம். மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 இறங்கினால் கதை வேறு: அது நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கிவிடும் கோளாறு. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். இந்த எண்களைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். தண்ணீரும் உப்பும் கூட்டுவது, இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, தேவைப்பட்டால் மருந்து என்று வழிகள் இருக்கின்றன. உயர் ரத்த அழுத்தமோ, இதய, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பை நீங்களாகக் கூட்ட வேண்டாம். வகுப்பில் உயரமான ஸ்டூல் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

கண்ணை மூடினால் சாய்வது மூன்றாவது தடயம். கண், உட்காது, பாதத்திலிருந்து வரும் உணர்வு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் மூளை உடலை நிமிர்த்தி வைக்கிறது. கண்ணை மூடியதும் சாய்கிறீர்கள் என்றால் மற்ற இரண்டில் ஒன்று குறைந்திருக்கிறது. இத்தனை நாள் கண் ஈடுகட்டி வந்திருக்கிறது. பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல் இருக்கிறதா? பி12, சர்க்கரை, தைராய்டு பாருங்கள். நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். படுக்கையில் புரளும்போது சில விநாடி உலகமே சுழல்கிறதா? அது உட்காதில் துகள் நகர்ந்ததால் வருவது. தலையை முறையாகத் திருப்பிச் செய்யும் சிகிச்சையில் பெரும்பாலும் ஓரிரு அமர்வில் சரியாகிவிடும். எதுவானாலும், உட்கார்ந்து குளியுங்கள்.

கோவிட் சமயத்தில் ஸ்டீராய்டு எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்து, இப்போது தொடை இடுக்கில் வலித்து நடை நொண்டினால் இடுப்பு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. கேளுங்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் குறைந்து அது சிதைவது தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்.

திடீரென முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல், காலில் தொடங்கி மேலேறும் பலவீனம், சிறுநீர் வராமை, நின்றபடி மயங்கி விழுதல்: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பழைய நடை திரும்புமா என்பது உங்கள் கடிதம் முழுக்க இருக்கும் கேள்வி. நீண்டகால கோவிடைக் குணப்படுத்தும் ஒற்றை மருந்து இன்னும் இல்லை. ஆனால் மேலே சொன்ன ஒவ்வொரு தடயத்துக்கும் தனித்தனியே செய்ய வேண்டியது உண்டு; அவற்றைச் செய்தவர்களில் பலர் மாதக்கணக்கில் மெல்ல முன்னேறுகிறார்கள். நீண்டகால கோவிட் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால், முதல் சந்திப்பிலேயே அந்த இரண்டு நாள் சரிவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

கைத்தடியைத் தாராளமாகப் பிடியுங்கள். சுவரை விரல்நுனியால் தொட்டாலே உடலின் ஆட்டம் குறையும். விரல் வழியாக மூளைக்குக் கூடுதல் செய்தி போகிறது. நீங்கள் தானாகவே சரியான உபாயத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள், தடி அதையே வெளியிலும் தருகிறது. விழுந்து எலும்பு முறிந்தால் இழப்பது மாதக்கணக்கு. செருப்பு அணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி உங்கள் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.