பேரக்குழந்தைகளின் சுபாவம் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கட்டுரைகளைப் பல காலமாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு இரண்டு பேரக்குழந்தைகள். பேத்திக்கு 5 வயது, பேரனுக்கு 3 நிறையப் போகிறது. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. ஆனால் இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து தன் பொம்மைகளை எல்லாம் காட்டிவிடுவான். அவள் கதவோரம் நின்று வந்தவரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கிளம்பிப் போன பிறகு, என்ன பேசினார், எப்படிச் சிரித்தார், எந்தக் கையால் பையை எடுத்தார் என்று ஒன்று விடாமல் என்னிடம் வந்து சொல்லுவாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இப்போது என் முழுநேர வேலை. இவ்வளவு சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை.

என் மகன் சிரிக்கிறான். "எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் அப்பா. நீங்களாக ஏதோ கற்பனை பண்ணிக்கொள்கிறீர்கள். இரண்டு வருஷத்தில் எல்லாம் மாறிவிடும்" என்கிறான். அப்படியா? 3 வயதில் தெரிவது குணம்தானா, இல்லை தாத்தாவின் ஆசையா?

இன்னொன்றும் உண்டு. எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறவன் பேரன்தான். அதனால் என் மனம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறதோ என்று பயமாக இருக்கிறது. அவளிடம் எப்படி நெருங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு தாத்தா

*

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. குழந்தைகள் மாறுவார்கள். ஆனால் நீங்கள் கற்பனை பண்ணவில்லை. நீங்கள் பார்ப்பது அங்கே உண்மையாகவே இருக்கிறது. பேச்சு வருவதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது.

இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கி வளர்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்று பசி வந்தால் வீட்டை இரண்டாக்கிவிடும். இன்னொன்று சிணுங்கும், கொஞ்சம் பொறுக்கும், மறுபடி சிணுங்கும். ஒன்று புது முகத்தைக் கண்டால் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கும். இன்னொன்று அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் மட்டும் எட்டிப் பார்க்கும். இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. சொல்லிக் கொடுக்கும் வயதே இன்னும் வரவில்லையே.

இதை முறையாக ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டெல்லா செஸ், அலெக்ஸாண்டர் தாமஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். எவ்வளவு துறுதுறுப்பு, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகிறதா, புதிதாக ஒன்றைக் கண்டால் முன்னே போகிறதா பின்வாங்குகிறதா, அழுகையும் சிரிப்பும் எவ்வளவு பலமாக வருகிறது, ஒரு காரியத்தில் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பது போன்ற 9 விஷயங்களைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் குழந்தை சிரமப்படுத்தினால் அம்மா வளர்க்கிற விதம்தான் காரணம் என்று மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். குழந்தை தனக்கென்று ஒரு சுபாவத்தோடுதான் வருகிறது என்று இந்தத் தம்பதி காட்டினார்கள். எத்தனை தாய்மார்களின் மனச்சுமை அதனால் இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் குழந்தைகளை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். எதற்கும் ஒத்துப்போகிற, சீக்கிரம் பழகிவிடுகிற குழந்தைகள் சுமார் 40 சதவீதம். நேரம் காலம் இல்லாமல், எந்த மாற்றத்துக்கும் பலமாக எதிர்ப்புக் காட்டுகிற குழந்தைகள் 10 சதவீதம். முதலில் ஒதுங்கி நின்று, பிறகு மெல்ல மெல்லப் பழகுகிற குழந்தைகள் 15 சதவீதம். கூட்டிப் பாருங்கள், 65தான் வருகிறது. மிச்சம் 35 சதவீதக் குழந்தைகள் எந்த வகையிலும் அடங்கவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த 35தான். பிள்ளைகளைக் கவனிப்பதே தொழிலாக இருந்தவர்களின் கையிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான குழந்தைகள் பிடிபடவில்லை!

சரி, மாறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் 4 மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளைக் காட்டி, புதிய சத்தங்களைக் கேட்கவைத்துப் பார்த்தார். சுமார் ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. அப்படி அழுதவர்களில் பலர் 2 வயதில் புதியவர்களைக் கண்டு தயங்குகிறவர்களாக இருந்தார்கள். வளர வளரப் பலருக்கு அந்தத் தயக்கம் குறைந்தும் போனது. ஆனால் தலைகீழாக மாறி, எதற்கும் அஞ்சாமல் முன்னே பாய்கிறவர்களாக ஆனவர்கள் அரிது. உங்கள் பேத்தி நாளைக்கு ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவளாக வரலாம். பேச்சைத் தொடங்கும் முன் அரங்கத்தை ஒரு சுற்று பார்த்துக்கொள்ளும் பழக்கமும் அவளிடம் இருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். கண்ணாமூச்சி ஆடினால் போதும், இரண்டு பேரும் யார் என்று தெரிந்துவிடும். சின்னவன் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பான். நான் அறை அறையாகப் போய், "ஐயோ, குழந்தையைக் காணோமே, எங்கே போனானோ" என்று புலம்புவேன். முதலில் திரைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வரும். இன்னும் கொஞ்சம் புலம்பினால் சிரிப்பு நின்றுவிடும். அப்புறம் அவனே வெளியே வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, கவலையான முகத்தோடு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பான். பாட்டியின் குழந்தை தொலைந்துபோய்விட்டது, தேடித் தர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. ஒளிந்திருந்தது தான்தான் என்பது அந்த நேரம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பெரியவள் ஒளிந்தாள் என்றால் ஒளிந்தாள்தான். மூச்சு விடும் சத்தம்கூட வராது. ஒரு நாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டோம். அவள் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். நான் தற்செயலாகப் பார்த்து, "ஆட்டம் முடிந்துவிட்டதே, ஏன் வரவில்லை?" என்றேன். "யாரும் என்னைக் கண்டுபிடிக்கவே இல்லையே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்தால்தானே வெளியே வர வேண்டும் என்று எனக்கு விளக்கினாள். பிறகு, இப்போது நான் பார்த்துவிட்டதால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இதை வைத்து அவன் இளகிய மனசுக்காரன், அவள் விதி பிசகாதவள் என்று நான் சொல்லிவிடலாம். எளிது. ஆனால் அதே சின்னவன்தான், தாத்தாவின் கண்ணாடியைப் பாட்டி போட்டுக்கொண்டால் விடமாட்டான். யாருடைய பொருள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் அவனைப் போலக் கறாரான ஆள் வீட்டில் கிடையாது. விதி பிசகாத பெரியவள் தனியாக விளையாடும்போது ஒரு தலையணை நிமிஷத்துக்கு நிமிஷம் கப்பலாகும், மலையாகும், கோபக்கார டீச்சராகும். எந்த விதியும் அங்கே செல்லாது.

ஐயா, நீங்களும் உங்கள் பேத்தி 'கூச்ச சுபாவம்' என்று எழுதவில்லை. வந்தவரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினீர்கள், எந்தக் கையால் பையை எடுத்தார் என்று அவள் சொன்னதை எழுதினீர்கள். அதைப் படித்ததும் அந்தக் குழந்தை என் கண் முன்னால் வந்துவிட்டாள். கூச்ச சுபாவம் என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு யாருமே தெரிந்திருக்க மாட்டார்கள். குணத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டும்தான் அப்புறம் கண்ணில் படும். "அப்படியே அவங்க அப்பாவை உரித்து வைத்திருக்கிறது" என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அதைச் சொல்கிற நேரத்தில் நாம் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

டார்வின் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல முன்னோடி. 1839இல் பிறந்த தன் மூத்த மகனைப் பார்த்துக் குறிப்பெடுத்தார், 1877இல் அதை ஓர் இதழில் வெளியிட்டார். எந்த வயதில் கோபம் வந்தது, எப்போது முதலில் பயந்தான் என்று மாதக் கணக்கோடு இருக்கும். 2 வயது 3 மாதத்தில், தன்னைக் கோபப்படுத்தியவர்கள் மேல் புத்தகத்தையும் குச்சியையும் வீசுவதில் மகன் கைதேர்ந்துவிட்டான் என்று எழுதுகிறார். அந்த இடம் அவ்வளவு அழகு. உடனே, தன் பெண் குழந்தைகளிடம் இதைக் காணவில்லை, ஆகவே வீசி எறிவது ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வருவது போலும் என்று போய்விடுகிறார். வீசி எறிந்த அந்தப் பையன் மறைந்து, ஆண் குழந்தைகள் என்ற கூட்டம் வந்துவிடுகிறது. எனக்குப் பையன்தான் வேண்டும்.

அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் நினைவு என்பது சுமார் மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் பேரன் இதுவரை செய்தது எதுவும் அவன் நினைவில் தங்குவது அரிது. அவன் 20 வயதில் கேட்பான், "தாத்தா, நான் எப்படி இருந்தேன்?" என்று. அப்போது "சுட்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு என்ன கிடைக்கும்? வாசலுக்கு வந்தவர்களின் கையைப் பிடித்து இழுத்து வந்த கதை வேண்டும்.

பேத்தி விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். யாராவது வந்து அவளிடம் பேசி, அவள் பதில் சொல்லாமல் நின்றால், "அவளுக்குக் கூச்சம், பழகமாட்டாள்" என்று வந்தவரைச் சமாதானப்படுத்தும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள், ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறாள். 5 வயதுக் குழந்தை பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடும். "பார்த்துக்கொண்டிருக்கிறாள், அப்புறம் வருவாள்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

இனி நீங்கள் தயங்கி எழுதியது. மனம் சாய்வதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஓடி வந்து கட்டிக்கொள்ளும் குழந்தையிடம் மனம் போகாதவர் யார்? ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. வந்தவர்கள் போன பிறகு பேத்தி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்கிறாள் என்கிறீர்கள். யாரிடம் வந்து சொல்கிறாள்? உங்களிடம். அவ்வளவு நேரம் கதவோரம் நின்று சேர்த்து வைத்ததை எல்லாம் உங்களிடம் கொண்டுவந்து கொட்டுகிறாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், அவள் இதைச் செய்கிறாள். அவளிடம் நெருங்கத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எப்போதோ உங்களிடம் வந்துவிட்டாள் ஐயா.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவள் சொல்லும்போது கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்காமல், பக்கத்தில் உட்காருங்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நேருக்கு நேர் பார்ப்பதைவிட, இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு பேசுவது சுலபம். படம் வரையலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், துணி மடிக்கலாம். "அப்புறம்?" என்பதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியிருக்காது. சில நாள் அவள் ஒன்றும் சொல்லாமலே இருப்பாள், அன்றைக்குத் துணி மடித்த வரைக்கும் போதும். தினமும் கொஞ்ச நேரம் அவளுக்கென்று தனியாக ஒதுக்குங்கள், தம்பி தூங்கும் நேரம் உத்தமம். தூங்காமல் அவன் வந்து இடையில் புகுந்தால் விரட்ட வேண்டாம், மடியில் ஏறிக்கொள்ளட்டும். "அக்கா சொல்லி முடிக்கட்டும், அடுத்தது நீ" என்று சொல்லிவிட்டு, அவள் விட்ட இடத்தை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

அன்புடன்.