லெமூரியாவின் மூன்று பிறவிகள்

வணக்கம் ஐயா,

நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் வீட்டில் எனக்கும் என் கொழுந்தனுக்கும் ஒரு வாக்குவாதம். அவர் ஒரு கட்சியில் தீவிரமாக இருப்பவர். குறுக்கே வந்த மாமனார், "உனக்கு ஐன்ஸ்டைன், எனக்கு முருகன், அவனுக்குக் கட்சி. மூணும் நம்பிக்கைதானம்மா, இதுல சண்டை எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சமூகவியல் படித்த தோழியிடம் கேட்டேன். மதம், அறிவியல், கருத்தியல் மூன்றையும் 'நம்பிக்கை அமைப்புகள்' என்று ஒரே பாடத்தில்தான் படித்தோம் என்றாள். அப்படியென்றால் மாமனார் சொன்னதுதான் சரியா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாமனார் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்வோம்.

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நம்மில் பெரும்பாலோர் அதை அளந்து பார்த்தவர்கள் இல்லை. பாடநூலை நம்பினோம், பாடநூல் எழுதியவர் வேறு யாரையோ நம்பினார். உங்கள் மாமனாருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து முருகன் வந்து சேர்ந்ததும் இப்படித்தான். சமூகவியலாளர் வந்து நிற்கும் இடம் இது. நம்பிக்கை மெய்யா பொய்யா என்பதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, இதை யார் யாருக்குக் கையளிக்கிறார்கள், இதைப் பற்றிச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, சந்தேகம் கேட்டவரை என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தானே இதைக் கேட்க முடியும்? அதற்காகத்தான் அந்த ஒரே பாடம்.

மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்கிறேன். ஒரே எண்ணம் இந்த மூன்று வீடுகளிலும் குடியிருந்த கதை.

1864-இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு சிக்கல். மடகாஸ்கர் தீவு முழுக்கக் குரங்குக்கு உறவான லெமூர்கள். அவற்றின் உறவுக்கார விலங்குகள் கடல் தாண்டி இந்தியாவிலும் இருக்கின்றன. இந்த நீந்தத் தெரியாத சிறு பிராணி இவ்வளவு பெரிய கடலை எப்படிக் கடந்தது? இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று எழுதி, அதற்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார். அந்த இந்திய உறவுக்காரர் வேறு யாருமில்லை, நம் தேவாங்குதான். 2022-இல் கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்க் காடுகளைச் சரணாலயமாக அறிவித்தார்களே, அதே தேவாங்கு. அன்றைக்கு அது நல்ல அறிவியல். நிலம் மேலே எழும், கீழே அமிழும், ஆனால் பக்கவாட்டில் நகராது என்றுதான் அந்தக் காலத்து நிலவியலாளர்கள் நினைத்தார்கள்.

1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்களே நகர்கின்றன என்றார். பலர் ஏளனம் செய்தார்கள். எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். அவர் சொன்னது ஏற்கப்பட அதற்குப் பிறகும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அறிவியலாளர்கள் திறந்த மனத்தோடு பிறந்தவர்கள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இதில் ஒரு பெண்ணின் பங்கு உண்டு, அதை உங்களிடம் சொல்லாமல் விட மனமில்லை. 1950-களின் தொடக்கத்தில் மேரி தார்ப் அமெரிக்காவில் கடலாழ அளவுகளை வைத்துக் கடலடியின் படம் வரைந்துகொண்டிருந்தார். அளவெடுக்கும் கப்பலில் பெண்களை ஏற்றமாட்டார்கள், அதனால் அவருக்கு மேசைதான். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பள்ளம் நீளமாகப் போவதைக் கண்டார். கடலடி அங்கே பிளந்து விலகுகிறது என்று அதற்குப் பொருள். உடன் வேலை பார்த்த புரூஸ் ஹீஸன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பக்கத்து மேசையில் இன்னொருவர் கடலடி நிலநடுக்கங்கள் நடந்த இடங்களைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தின்மேல் மற்றொன்றை வைத்துப் பார்த்தால், புள்ளிகள் எல்லாம் தார்ப் வரைந்த பள்ளத்திலேயே விழுந்தன. ஹீஸன் ஒத்துக்கொண்டார். அவர் நல்லவராக மாறி ஒத்துக்கொள்ளவில்லை. யார் வரைந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் அங்கேதான் விழுந்திருக்கும், அதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1942-இல் அறிவியலின் நெறிகளைப் பற்றி எழுதியபோது, அமைப்பாகவே ஐயப்படுவதை அவற்றில் ஒன்றாக வைத்தார். தனி மனிதரின் பெருந்தன்மையை நம்பி அறிவியல் ஓடவில்லை என்பதை நான் அவரிடமிருந்துதான் புரிந்துகொண்டேன்.

பூமியின் மேலோடு பல தட்டுகளாக நகர்கிறது என்னும் தட்டுக் கொள்கை 1960-களில் நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இடையில் ஒரு கண்டம் மூழ்கியிருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. லெமூரியா பாடநூல்களிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறியது.

ஆனால் அதற்குள் அது வேறு இரண்டு வீடுகளில் குடியேறிவிட்டிருந்தது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட நூலில், மனிதகுலத்தின் மூன்றாம் மூல இனம் வாழ்ந்த இடமாக லெமூரியாவைச் சொன்னார். இந்த லெமூரியாவுக்குக் கடலடிப் படம் ஒரு பொருட்டே அல்ல. மனிதன் எங்கிருந்து வந்தான், எங்கே போகிறான் என்பதற்கு அது பதில் தந்தது. அந்தப் பதிலை ஏற்றவர்கள் ஒரு சமூகமானார்கள். வெகனர் பேசிய அதே 1912-இல்தான் சமூகவியலாளர் எமில் துர்க்கைம், மதத்தின் உயிர் மக்களை ஒரே அறச் சமூகமாகக் கட்டுவதில் இருக்கிறது என்று எழுதினார்.

மூன்றாவது வீடு நம்முடையது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்கிறது சிலப்பதிகாரம். மூழ்கிய 49 நாடுகளைக் கணக்குச் சொல்கிறார் அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார். இந்த நினைவோடு ஸ்க்ளேட்டரின் லெமூரியா வந்து சேர்ந்தது, குமரிக்கண்டம் ஆயிற்று. உங்களுக்கென்று ஒரு பழமையும் கிடையாது என்று சொல்லப்பட்ட மக்களுக்கு, தொலைந்த நூல்களெல்லாம் கடலுக்கடியில் இருக்கின்றன என்ற சொல் எவ்வளவு பெரிய ஆறுதல்! எனக்கு 12 வயதில் தமிழய்யா அந்தக் கண்டத்தைக் கரும்பலகையில் வரைந்தார். பஃறுளி என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அன்று நோட்டில் வரைந்துகொண்ட படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிந்தனை எந்தச் சமூக இடத்தில் நின்று எழுகிறது என்று பார்க்கச் சொன்ன கார்ல் மன்ஹைமைப் பின்னாளில் படித்தபோது, என் கண்முன் வந்தது அந்தக் குரல்தான்.

கருத்தியல் எங்கே வழுக்குகிறது என்பதையும் இதிலேயே காணலாம். 2013-இல் மொரீஷியஸ் தீவுக்கடியில் ஒரு பழைய சிறு கண்டத்தின் எச்சம் இருப்பதாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். உடனே குமரிக்கண்டம் நிரூபணமாகிவிட்டது என்று செய்திகள் பறந்தன. அந்த நிலம் மூழ்கியது மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். தடயம் இல்லையா, கடலுக்குள் போய்விட்டது. அறிஞர் மறுக்கிறாரா, அவர் தமிழுக்குப் பகை. எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்கே வெற்றி. ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்கள் கோழிக்குஞ்சுக்கு நஞ்சு கொடுத்துக் குறி கேட்பதை மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிச்சர்ட் 1937-இல் விரிவாக எழுதினார். குறி பொய்த்தால், நஞ்சு கெட்டுவிட்டது, யாரோ விலக்கை மீறிவிட்டார்கள், சூனியம் குறுக்கிட்டது என்று காரணம் தயாராக இருக்கும். குறிமேல் சந்தேகம் வராது. வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி இதை எடுத்துக்காட்டி, நிலைபெற்ற அறிவியல் கருத்துகளும் இதே உத்திகளால் தங்களைக் காத்துக்கொள்வதுண்டு என்று எச்சரித்தார். சோவியத் நாட்டில் நிலைமை அதையும் தாண்டிப் போனது. மரபியலை மறுத்த வேளாண் அறிவியலாளர் லைசென்கோவின் கொள்கையை அரசே தூக்கிப் பிடித்தது. அதை எதிர்த்த மரபியலாளர் வவிலோவ் 1943-இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். ஆய்வுக்கூடம், பட்டம், இதழ் எல்லாம் அங்கே இருந்தன. கேள்வி கேட்கும் உரிமைதான் இல்லை.

ஆகவே உங்கள் கொழுந்தனிடம் நான் கேட்பது ஒன்றே: எது தெரியவந்தால் இதைக் கைவிடுவீர்கள்? இயற்பியலைப் பற்றி அதே கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மாமனாரை விட்டுவிடுங்கள். அவர் முருகனிடம் போவது கண்டங்கள் நகர்வதைத் தெரிந்துகொள்ள அல்ல.

பல ஆண்டு கழித்துத் தமிழய்யாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். தயங்கித் தயங்கி எல்லாம் சொன்னேன். மடகாஸ்கர் வரை நிலம் இருந்ததில்லை. ஆனால் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இப்போதையதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம், குமரிக்குத் தெற்கேயும் கரை நீண்டிருந்தது என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எவ்வளவு தூரம்ப்பா?" என்றார்.

அடுத்த முறை கடலாழ வரைபடம் ஒன்றைக் கொண்டுபோனேன். உங்கள் ஊர் மீனவர்கள் வாட்ஜ் பேங்க் என்று சொல்லும் ஆழம் குறைந்த மேட்டை அதில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கன்னியாகுமரியில் விரலை வைத்துத் தெற்கே மெல்ல நகர்த்தினார். நூறு மீட்டர் ஆழத்தைக் காட்டும் கோடு வந்ததும் விரல் நின்றது. "ஆறு இந்தப் பக்கமா ஓடியிருக்குமா, அந்தப் பக்கமா? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?" என்று கேட்டார்.