கரஸ்ல படித்த பி.சி.ஏ. எங்கே செல்லும், எங்கே செல்லாது?

தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. முடித்திருக்கிறேன், 72 சதவீதம். யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள படிப்புதான். ஆனால் பெரிய ஐ.டி. கம்பெனிகளின் விண்ணப்பத்தில் ‘முழுநேரப் படிப்பு மட்டும்’ என்று போட்டு முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுகிறார்கள். இது நியாயமா?
– வாசகி, ராஜபாளையம்

அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடி வகுப்பில் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி-யின் 2020 விதிமுறைகளில் 22-வது விதி சொல்கிறது. அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும்போது இதைக் காட்டிக் கேட்கலாம். தனியார் கம்பெனியை இது கட்டுப்படுத்தாது. குவியும் விண்ணப்பங்களைக் குறைக்க, பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இல்லை, முழுநேரம் என்று கம்ப்யூட்டரே வடிகட்டிவிடுகிறது. உங்களுக்கு என்ன தெரியும் என்று அந்த இடத்தில் யாரும் பார்க்கவே இல்லை. நியாயமில்லை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். ஆனால் அதோடு மல்லுக்கட்டி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

படிவத்தில் ‘முழுநேரம்’ என்றே போட்டுவிடு என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். செய்யாதீர்கள். சேரும் முன்போ சேர்ந்த பிறகோ, சான்றிதழ் சரிபார்க்கும் ஏஜென்சி பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்கும். பொய் என்று தெரிந்தால் கையில் இருக்கும் வேலையும் போய்விடும்.

உங்களுக்குத் தோதான இடம் இருபது, ஐம்பது பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் கம்பெனிகள். அங்கே நேர்காணல் எடுப்பவர் தானே கோட் எழுதுபவராக இருப்பார். அவரிடம் காட்ட ஒரே ஒரு புராஜெக்ட் போதும், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஊரில் ஒரு கடைக்கு ஸ்டாக், பில் போடும் செயலியை எழுதி, இணையத்தில் ஏற்றி, அதன் கோட் முழுவதையும் கிட்ஹப் என்ற கோட் சேமிப்புத் தளத்தில் வையுங்கள். யூடியூப் பார்த்து அப்படியே எழுதிய புராஜெக்ட் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். “ஒரே நேரத்தில் இரண்டு பேர் கடைசி பொருளை பில் போட்டால் என்ன ஆகும்?”, “இந்த டேபிளில் இண்டெக்ஸ் எதற்கு?” என்று கேட்டால் சொந்தமாக எழுதியவருக்குத்தான் பதில் வரும். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல்-லில் ஜாயின், குரூப் பை என்ற இரண்டு கட்டளைகளையும் தாளில் எழுதிப் பழகுங்கள். இரண்டு வருட அனுபவம் சேர்ந்தபின் பல கம்பெனிகள் கரஸா ரெகுலரா என்று முன்புபோல் துருவுவதில்லை. சில பெரிய நிறுவனங்கள் அப்போதும் கேட்கும். அதனால் விண்ணப்பிக்கும் முன் தகுதி வரியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று: அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் தரப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று பார்த்துத் தரப்படுகிறது. நீங்கள் சேர்ந்த ஆண்டில் உங்கள் படிப்பு யு.ஜி.சி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளப் பட்டியலில் இருந்ததா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து மார்க் ஷீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கூடவே சென்னை ஐ.ஐ.டி-யின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பிலும் சேர்ந்திருக்கிறான். அதற்கு மதிப்பு உண்டா?
– வாசகர், நாமக்கல்

உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது. இந்தப் படிப்பில் பாடம் வீட்டிலிருந்து என்றாலும், குவிஸ்களையும் இறுதித் தேர்வையும் தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். நேர்காணலில் ‘ஆன்லைன்தானே’ என்று யாராவது இழுத்தால் மகன் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இது பி.டெக். அல்ல, பி.எஸ். பட்டம். ரெஸ்யூமேயில் வெறுமனே ‘ஐ.ஐ.டி. மெட்ராஸ்’ என்று போடாமல் படிப்பின் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மறைத்தால், இருக்கிற மதிப்பும் குறையும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதலாம். ஆனால் எம்.டெக். இடம் தருவதை ஒவ்வொரு கல்வி நிறுவனமும் துறையும் தனித்தனியாக முடிவு செய்கின்றன. அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கவலையெல்லாம் மெக்கானிக்கலில் அரியர் விழுவதைப் பற்றித்தான். கேம்பஸ் வடிகட்டியில் அதுதான் முதலில் மாட்டும். சுமை தாங்கவில்லை என்றால் ஒரு டெர்மில் குறைந்த பாடங்கள் எடுக்கலாம். டிப்ளமோ நிலையில் நிறுத்திக்கொண்டாலும் அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு.

பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள் எம்.சி.ஏ. சேரலாமா?
– வாசகி, தென்காசி

தாராளமாக. இப்போது எம்.சி.ஏ. இரண்டே வருடம். திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு நிம்செட் என்ற எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்: பட்டப்படிப்பில் 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. தேவை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குத் தளர்வு உண்டு. மொத்தம் 1,000 மதிப்பெண்ணில் 600 கணிதத்துக்கே. பி.சி.ஏ. படித்தவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள், உங்களுக்கு அதுதான் பலம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வையும் எழுதுங்கள். வகுப்பு தொடங்கும் முன் சி அல்லது பைத்தானில் ஒன்றைக் கற்றுக்கொண்டு போனால் முதல் செமஸ்டர் கஷ்டம் தெரியாது.

மூன்று வருட பி.சி.ஏ-வை வைத்துக்கொண்டு ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ மாஸ்டர்ஸ் படிக்க முடியுமா?
– வாசகர், கோவை

ஜெர்மனியில் பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைத்தான் துருவிப் பார்க்கிறார்கள். கணிதத்தில் இத்தனை கிரெடிட், தியரட்டிகல் கம்ப்யூட்டர் சயின்ஸில் இத்தனை கிரெடிட் என்று பல பல்கலைக்கழகங்கள் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. அக்கவுன்டன்சி, ஆஃபீஸ் ஆட்டோமேஷன் போன்ற பாடங்கள் நிறைந்த பி.சி.ஏ. இந்தக் கணக்கில்தான் அடிபடுகிறது. டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, ஆட்டோமேட்டா, அல்காரிதம் ஆகியவை உங்கள் மார்க் ஷீட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். துறை முத்திரையுடன் முழு சிலபஸை இப்போதே கல்லூரியில் வாங்கி வையுங்கள். சிலபஸ் மாறிவிட்டால் பழையதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் ஜெர்மனி விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். அதற்கு ஆகும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள்.

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டம் கேட்கின்றன. மூன்று வருடத்தை ஏற்பவையும் உண்டு என்பதால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். பி.சி.ஏ-வுக்கு மேல் எம்.சி.ஏ. இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். அங்கே மாஸ்டர்ஸ் படிக்காமல் நேரடியாக எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் போவதென்றால், குறைகிற ஒரு வருடப் படிப்புக்கு ஈடாகத் துறை சார்ந்த மூன்று வருட அனுபவத்தைக் காட்ட விதி இடம் தருகிறது. அனுபவச் சான்றிதழ்களில் செய்த வேலை விவரமாக எழுதப்பட்டிருக்க வேண்டும், பதவியின் பெயர் மட்டும் போதாது.

பத்தாவது மட்டும் முடித்திருக்கிறேன். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி சேர்ந்துவிடலாமா?
– வாசகர், திருவாரூர்

டி.என்.பி.எஸ்.சி. எழுதும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று அறிவிக்கையிலேயே போடுகிறார்கள். தனித்தேர்வராக பிளஸ் டூ-வை முடித்துவிட்டு டிகிரிக்குப் பணம் கட்டுங்கள்.