ஆசிரியர் பதில்கள்: பொன்னாடைக்கு முன் ஒரு புகார்

கேள்வி: செந்தூலில் ஒரே தெருவில் வளர்ந்த ஐவர் நாங்கள். 1987-இல், எங்கள் பத்தாவது வயதில், மாலை வகுப்புக்காக ஓர் ஆசிரியரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். அங்கே எங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை இதுவரை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சென்ற மாதம் அவருக்குப் பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வந்தது. அதைக் கண்டு எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் வாய் திறந்தார். பிரிக்பீல்ட்சில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நால்வர் சந்தித்தோம். அழைப்பிதழில் இருந்த அவருடைய படத்தின்மேல் ஒரு நண்பர் மோர்க் குவளையை வைத்து மறைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். ஐந்தாமவர் வரவில்லை, குழுவிலிருந்தும் விலகிவிட்டார். மேடையேறிக் கேட்டுவிட வேண்டும் என்கிறார் ஒருவர். வீட்டுக்கே போய் அவரை மன்னிப்புக் கேட்க வைப்போம் என்கிறேன் நான். எழுபத்தெட்டு வயதுக்காரரை விட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். அவர் வீட்டில் இன்றும் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோலாலம்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்திய வரியாக நீங்கள் எழுதியிருப்பதை நான் முதல் வரியாகப் படிக்கிறேன். அவர் வீட்டில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் யாருக்கேனும் ஏதேனும் நேர்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கக்கூடும் என்பது அவர்களுடைய பெற்றோருக்குத் தெரியாது, உங்கள் நால்வருக்குத் தெரியும். ஆகவே விழா நாள் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து வயதில் அவர் சொன்னதே சரி என்று நம்ப வைக்கப்பட்ட நீங்கள், இந்த வயதிலும் நடந்தது நடந்ததுதானா என்பதை அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளப் போகிறீர்கள். அவர் மறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? மறுப்பதோடு நில்லாமல், உங்களுக்கு முன்பே அவர் போலீசுக்குப் போய், நான்கு பேர் வீடு புகுந்து மிரட்டினார்கள் என்று புகார் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் தடயங்களை அழிக்கவும் அவகாசம் கிடைக்கும்.

மேடையில் பேசுவதும் முகநூலில் எழுதுவதும் அவதூறு வழக்குக்கு வாசலைத் திறந்துவிடும். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரின் நிலை வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்கீழ் அளிக்கப்படும் முதல் தகவலை வைத்து அவதூறு வழக்குத் தொடர முடியாது என்று நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் அச்சமின்றிப் பேசக்கூடிய இடம் அதுதான்.

இத்தனை ஆண்டுகள் கழித்துச் சட்டம் கேட்குமா என்ற ஐயம் உங்களுக்குள் இருக்கும். இத்தகைய குற்றங்களுக்கு வழக்குத் தொடர மலேசியாவில் காலக்கெடு கிடையாது. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் உங்களுக்கு நேர்ந்ததைத் தொடாது. ஏனெனில் அரசமைப்பின் 7ஆவது விதி, பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு முன்னால் நடந்ததற்குத் தண்டிக்க இடம் தருவதில்லை. 1987-இல் நடந்ததை அன்றைய தண்டனைச் சட்டத்தின்கீழ்தான் விசாரிப்பார்கள். ஆனால் இன்று அந்த வீட்டில் ஏதேனும் நடந்தால் புதிய சட்டம் முழுமையாகப் பாயும். பிள்ளையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருக்கும் ஆசிரியர், பயிற்சியாளர் போன்றோருக்கு அது கூடுதல் தண்டனையும் வைத்திருக்கிறது.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். காவல் துறைத் தலைமையகமான புக்கிட் அமானில் டி11 என்ற பாலியல், மகளிர், சிறார் விசாரணைப் பிரிவு இருக்கிறது. விசாரணை அப்பிரிவின் அதிகாரிகளிடம் செல்ல வேண்டும் என்று கேளுங்கள். நான்கு வாரங்கள் கடந்தும் தகவல் இல்லையென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்கீழ் விசாரணை நிலவரத்தை எழுத்து மூலம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணில் சமூகநலத் துறைக்கும் தெரிவியுங்கள்.

மிக முக்கியமான ஒன்று. இனிமேல் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த நாள்களைப் பற்றிப் பேசாதீர்கள். பிரிந்திருந்த நண்பர்கள் கூடும்போது பேசத்தான் மனம் துடிக்கும், இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே உட்கார்ந்து, நினைவில் உள்ளதை மட்டும், அந்த அறை, கதவு, யார் முன்னால் வந்தார், யார் பின்னால் போனார் என்பதையெல்லாம் கைப்பட எழுதி, தேதியிட்டு, மற்றவருக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நினைவில்லாததை மற்றவர் எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஒன்றோடொன்று கலக்காத நான்கு வாக்குமூலங்கள் ஒத்துப்போனால் அவற்றுக்குக் கனம் அதிகம். கூடிப் பேசித் தயாரித்த கதை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காட்டிவிட்டாலோ, உண்மையும் பொய்போல் ஆகிவிடும். வாழையிலைக் கடையில் பேசியதை மறைக்காமல் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

விட்டுவிடலாம் என்று சொன்ன நண்பரைக் கோபிக்காதீர்கள். ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெண் பிள்ளையை இருட்டுவதற்குள் வீட்டுக்குள் அழைத்த அதே தாய்மார்கள், பையனை வாத்தியார் வீட்டுக்குக் கவலையின்றி அனுப்பினார்கள். நிறுவனங்களில் சிறார்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய அரச விசாரணை ஆணையம், பாதிக்கப்பட்டவர்கள் வெளியே சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆயின என்று 2017-இல் அறிவித்தது. நீங்கள் தாமதித்தவர்கள் என்று யாரேனும் குத்திப் பேசினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அவருடைய முதுமையை எடைபோட வேண்டியது தண்டனை விதிக்கும் நீதிபதி. நீங்கள் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ரிச்சர்ட் ஹக்கல் என்ற ஆங்கிலேயர் கோலாலம்பூரின் ஏழைப் பிள்ளைகளைச் சீரழித்ததற்காக 2016-இல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தபோது நாடே கொதித்தது. மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் என்றதும் வந்த கொதிப்பு, நம் தெருவில் சால்வை போர்த்திய ஒருவர் என்றால் வருவதில்லை. இதை நான் பிறருக்குச் சொல்லும் தகுதியோடு எழுதவில்லை. இத்தகைய விழாப் படங்களை நானும் வெளியிட்டிருக்கிறேன். மாலையும் கழுத்துமாக நிற்பவரைப் பற்றி அவரிடம் படித்தவர்களை ஒருமுறைகூட விசாரித்ததில்லை. இந்த விழாச் செய்தி வந்தால் இவ்விதழில் இடம்பெறாது. ஏற்பாட்டுக் குழுத் தலைவரிடம் நீங்கள் இப்போது எதுவும் பேச வேண்டாம். எப்போது சொல்லலாம் என்று விசாரணை அதிகாரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவிலிருந்து விலகிய ஐந்தாமவரை மறுபடியும் உள்ளே இழுக்காதீர்கள். அவர் வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாத ஒன்றாக அது இருக்கலாம். உங்களில் அவருக்கு மிக நெருக்கமானவர் யாரோ அவர் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பட்டும்: இன்ன நாளில் புகார் கொடுக்கப்போகிறோம், உன் பெயரை நாங்களாகச் சொல்ல மாட்டோம், ஆனால் அதிகாரி நேரடியாகக் கேட்டால் பொய் சொல்ல முடியாது, பேச வேண்டும் என்று தோன்றினால் எந்த நேரமும் இந்த எண்ணில் கூப்பிடு. பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி அனுப்ப வேண்டாம்.